நம்ம பி.எப். காசும் திறைசேரி முறியும்
விலை ஏறினால் விளைவு இறங்குவது ஏன்?

தோட்டத்தில் பேர் போடுகிற ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதா மாதம் பி.எப். என்று ஒரு தொகை கழிகிறது. "வெட்டுறது தெரியுது, அது எங்க போயி என்ன ஆவுதுன்னுதான் தெரியல" என்று லயத்திலும் மலையிலும் பலர் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் "பி.எப். காசில் அரசாங்கம் கை வைக்கப் போகுது" என்ற செய்தி பரவியபோது இந்தக் கேள்வி பெரிதாகியது. வானொலியிலும் பத்திரிகையிலும் "முறி", "விளைவு வீதம்", "முதிர்ச்சி" என்று பல சொற்கள் வந்தன. அவற்றை யாரும் நமக்கு விளக்கிச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு ஒன்றும் மந்திரம் அல்ல. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்ளலாம். வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

காசு போகிற வழி

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. நம்ம சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபா கழிக்கப்படுகிறது. கம்பெனி தன் பங்காக நூற்றுக்கு 12 ரூபா சேர்க்க வேண்டும். ஒரு மாதத்தில் நீங்கள் 25,000 ரூபா உழைத்தால் உங்கள் பங்கு 2,000 ரூபா, கம்பெனியின் பங்கு 3,000 ரூபா. ஆக 5,000 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். இது போக, ஈ.ரி.எப். என்ற நம்பிக்கை நிதிக்குக் கம்பெனி நூற்றுக்கு 3 ரூபா, அதாவது 750 ரூபா தனியாகக் கட்ட வேண்டும். அது உங்கள் சம்பளத்தில் கழிக்கப்படக் கூடாது.

பி.எப். நிதியின் நிர்வாகம் தொழில் ஆணையாளர் நாயகத்தின் பொறுப்பு. காசைக் காப்பதும் முதலீடு செய்வதும் இலங்கை மத்திய வங்கியின் பொறுப்பு. சில தோட்டங்களில் காசு மத்திய வங்கிக்குப் போகாமல், சட்டப்படி அங்கீகாரம் பெற்ற வேறு சேமலாப நிதிகளுக்குப் போகிறது. உங்கள் காசு எதற்குப் போகிறது என்பதைச் சம்பளச் சீட்டிலும், தோட்டத்து ஆபீஸிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மத்திய வங்கி இந்தக் காசைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. நாடு முழுவதும் உள்ள தொழிலாளர்களின் காசு சேர்ந்து, இந்த நிதி இன்று 3 இலட்சம் கோடி ரூபாவுக்கும் மேல் இருக்கிறது. அதில் நூறு ரூபாவுக்கு 90 ரூபாவுக்கும் கூடுதலாக அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொழுந்து பறிக்கிற அக்காவும், கவ்வாத்து வெட்டுகிற அண்ணனும், ஸ்டோரில் வேலை செய்கிற தம்பியும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். கடன் கொடுத்தவருக்குத் தன் கடன் பத்திரத்தை வாசிக்கத் தெரிய வேண்டாமா?

உண்டியலும் முறியும்

அரசாங்கம் கடன் வாங்கும்போது இரண்டு விதமான பத்திரம் கொடுக்கிறது.

ஒன்று, திறைசேரி உண்டியல். இது குறுகிய காலக் கடன். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணை உண்டு. இதற்குத் தனியாக வட்டி கொடுப்பதில்லை. 100 ரூபாப் பத்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்று, தவணை முடிந்ததும் முழு 100 ரூபாவையும் கொடுப்பார்கள்.

மற்றது, திறைசேரி முறி. இலங்கையில் 1997ஆம் ஆண்டு முதல் வெளியிடப்படுகிறது. இது 2 வருடம், 5 வருடம், 10 வருடம், 30 வருடம் என்று நீண்ட காலக் கடன். இதில் ஒரு வட்டி அச்சடித்தாற்போல நிலையாக இருக்கும். அதைக் கூப்பன் என்பார்கள். 10 வீதக் கூப்பன் என்றால், 100 ரூபா முறிக்கு வருடத்துக்கு 10 ரூபா. அதை ஆறு மாதத்துக்கு 5 ரூபாவாக இரண்டு தடவை கொடுப்பார்கள். கடைசி நாளில் 100 ரூபா முதலும் திரும்பி வரும். அந்த நாளுக்குப் பெயர்தான் முதிர்ச்சி. அந்த 100 ரூபாவுக்குப் பெயர் முகப் பெறுமதி.

இரண்டுமே ஏலத்தில்தான் விற்கப்படும். கொழும்பில் தேயிலை ஏலம் நடப்பது நமக்குத் தெரியும். கூடிய விலை கேட்டவருக்குத் தேயிலை போகும். பத்திரமும் அப்படித்தான். எந்த விலைக்கு விற்றாலும், பத்திரத்தில் எழுதியிருக்கிற கூப்பனும் முகப் பெறுமதியும் மாறாது. விலை மட்டுமே மாறும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் உண்டியல் கணக்கு

ஏலச் சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அவசரத்துக்குக் காசு வேண்டியவர் கழிவு கொடுத்துச் சீட்டை எடுக்கிறார். முழுத் தொகைக்குக் கடமைப்பட்டுக் கொண்டு, கையில் குறைந்த தொகை வாங்குகிறார். உண்டியலில் அரசாங்கம் அந்த இடத்தில் இருக்கிறது.

கணக்குச் சுலபமாக இருக்க, தவணை ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபா உண்டியலை 80 ரூபாவுக்கு வாங்கினால், ஒரு வருடத்தில் இலாபம் 20 ரூபா. "அப்ப நூத்துக்கு 20 வட்டி" என்று சொல்லத் தோன்றும். அது பிழை. நாம் போட்ட காசு 80 ரூபாதான். 80 ரூபாவுக்கு 20 ரூபா கிடைத்தால், 100 ரூபாவுக்கு 25 ரூபா. ஆகவே இலாபத்தைப் போட்ட காசால் பிரிக்க வேண்டும்.

20 ÷ 80 = 0.25, அதாவது 25 வீதம்.

இப்படிப் போட்ட காசுக்குக் கிடைக்கிற வருமானத்துக்குப் பெயர்தான் விளைவு வீதம். மலையில் ஏக்கருக்கு இவ்வளவு கொழுந்து விளைந்தது என்று பார்ப்பது போல, போட்ட காசுக்கு இவ்வளவு விளைந்தது என்று பார்ப்பது.

இதையே திருப்பிப் போட்டால், விளைவிலிருந்து விலை வரும். "எனக்கு 10 வீதம் கிடைத்தால்தான் கடன் தருவேன்" என்றால், 100ஐ 1.10ஆல் பிரிக்க வேண்டும். விடை 90 ரூபா 91 சதம். "25 வீதம் வேண்டும்" என்றால் 100ஐ 1.25ஆல் பிரிக்க, 80 ரூபா. "8 வீதம் போதும்" என்றால் 100ஐ 1.08ஆல் பிரிக்க, 92 ரூபா 59 சதம்.

பாருங்கள். கேட்கிற விளைவு கூடக் கூட, விலை குறைகிறது. விளைவு குறையக் குறைய, விலை கூடுகிறது. இரண்டும் கிணற்றுக் கப்பியில் தொங்குகிற இரண்டு வாளி மாதிரி. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும்.

இனி முறியின் கணக்கு

முறியில் காசு ஒரே தடவையில் வருவதில்லை. பல தடவையில் வருகிறது. ஆகவே ஒவ்வொரு தடவைக்கும் மேலே போட்ட அதே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, கடைசியில் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

3 வருட முறி, 10 வீதக் கூப்பன் என்று எடுத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று வைப்போம். நம் கைக்கு வரப்போவது இது:

முதலாம் வருட முடிவில் 10 ரூபா.
இரண்டாம் வருட முடிவில் 10 ரூபா.
மூன்றாம் வருட முடிவில் வட்டி 10 ரூபாவும் முதல் 100 ரூபாவுமாக 110 ரூபா.

இன்று சந்தையில் எல்லோரும் 15 வீதம் கேட்கிறார்கள் என்றால், இந்த முறிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

முதலாம் வருடத்து 10 ரூபா: 10 ÷ 1.15 = 8 ரூபா 70 சதம்.
இரண்டாம் வருடத்து 10 ரூபா: இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே 1.15ஆல் இரண்டு தடவை பிரிக்க வேண்டும். 7 ரூபா 56 சதம்.
மூன்றாம் வருடத்து 110 ரூபா: 1.15ஆல் மூன்று தடவை பிரிக்க, 72 ரூபா 33 சதம்.

மூன்றையும் கூட்டினால் 88 ரூபா 59 சதம். (சதத்தைக் கிட்டத்தட்ட எடுத்ததால் கடைசிச் சதம் முன்னே பின்னே வரலாம்.)

ஏன் பிரிக்கிறோம்? நாளைக்குக் கிடைக்கிற பத்து ரூபா, இன்றைக்குக் கையில் உள்ள பத்து ரூபாவுக்குச் சமம் அல்ல. இன்று கையில் இருந்தால் அதையும் வட்டிக்குப் போடலாம். எவ்வளவு தள்ளி வருகிறதோ, அவ்வளவு குறைத்துத்தான் மதிக்க வேண்டும்.

அதே முறிக்குச் சந்தையில் 10 வீதம் மட்டும் கேட்டால் விலை சரியாக 100 ரூபா வரும். 8 வீதம் கேட்டால் 105 ரூபா 15 சதம் வரும். ஆக, கூப்பனும் சந்தை விளைவும் ஒன்றாக இருந்தால் விலை 100. சந்தை விளைவு கூப்பனைவிடக் கூடினால் விலை 100க்குக் கீழே. குறைந்தால் 100க்கு மேலே.

இன்னும் சுருக்கமாகச் சொன்னால், மற்றவர்கள் புதுப் பத்திரத்துக்கு 15 ரூபா வட்டி வாங்கும்போது, 10 ரூபா வட்டி தருகிற பழைய பத்திரத்தை முழு விலை கொடுத்து யார் வாங்குவார்?

விலையைப் பார்த்து விளைவைக் கணிப்பது

விலை தெரிந்து விளைவைச் சரியாகக் கண்டுபிடிக்க நேரடி வழி இல்லை. ஒரு வீதத்தைப் போட்டுப் பார்த்து, விலை ஒத்து வரும் வரை கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். கம்பியூட்டர் அதைத்தான் வேகமாகச் செய்கிறது. நாம் கைக்கணக்காகப் போட ஓர் உத்தேச வழி இருக்கிறது.

மேலே சொன்ன முறியை 88 ரூபா 58 சதத்துக்கு வாங்கினோம். வருட வட்டி 10 ரூபா. அதோடு, கடைசியில் 100 ரூபா கிடைப்பதால் 11 ரூபா 42 சதம் கூடுதல் இலாபம். அதை 3 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 3 ரூபா 81 சதம். ஆக வருட வருமானம் 13 ரூபா 81 சதம். இதை, வாங்கிய விலைக்கும் 100க்கும் நடுவில் உள்ள 94 ரூபா 29 சதத்தால் பிரித்தால், 14.6 வீதம் வரும். சரியான விடை 15 வீதம். கைக்கணக்குக்கு இது போதும்.

தவணை நீண்டால் ஆட்டமும் கூடும்

10 வீதக் கூப்பன் உள்ள மூன்று முறிகள் இருக்கின்றன என்று வைப்போம். சந்தை விளைவு 10 வீதமாக இருக்கும்போது மூன்றின் விலையும் 100 ரூபாதான். விளைவு 15 வீதத்துக்கு ஏறினால்:

1 வருட முறியின் விலை 95 ரூபா 65 சதம்.
3 வருட முறியின் விலை 88 ரூபா 58 சதம்.
10 வருட முறியின் விலை 74 ரூபா 91 சதம்.

நீண்ட மரத்தின் நுனிதான் காற்றுக்குக் கூட ஆடும். நீண்ட தவணை முறியின் விலையும் அப்படித்தான். பி.எப். போன்ற நிதிகள் பெரும்பாலும் நீண்ட தவணை முறிகளையே வாங்குகின்றன. நாம் 20, 30 வருடம் கழித்துத்தானே காசை எடுக்கிறோம்.

"அப்ப விலை இறங்கினா நம்ம காசு போயிருமா?" என்று கேட்கலாம். பயப்பட வேண்டாம். விலை இறங்கிய நேரத்தில் விற்றால்தான் அந்த நட்டம் கைக்கு வரும். தவணை முடியும் வரை வைத்திருந்தால், சொன்ன கூப்பனும் 100 ரூபாவும் வரும். ஆனால் இழப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. மற்றவர்கள் 15 வாங்கும் காலத்தில் நாம் 10இல் கட்டுப்பட்டுக் கிடப்போம்.

2015இல் நடந்தது என்ன?

"மத்திய வங்கி பிணைமுறி மோசடி" என்று நாடே பேசிய விஷயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருட முறியை ஏலம் விட்டது. கூப்பன் 12.5 வீதம். 100 கோடி ரூபாவுக்கு என்று அறிவித்துவிட்டு, 1,000 கோடி ரூபா வரைக்கும் கேள்விகளை ஏற்றுக்கொண்டது. சராசரி விளைவு 11.73 வீதத்துக்குப் போனது.

நம்ம கணக்கில் போட்டுப் பார்ப்போம். இப்படியான முறிக்கு 9.5 வீத விளைவு என்றால், 100 ரூபாவுக்கு விலை கிட்டத்தட்ட 129 ரூபா 63 சதம். 11.73 வீதம் என்றால் கிட்டத்தட்ட 106 ரூபா 35 சதம். விளைவில் இரண்டே கால் வீதம் வித்தியாசம். விலையில் 23 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். 30 வருடத் தவணை என்பதால்தான் இவ்வளவு ஆட்டம். விளைவு ஏறினால் அரசாங்கத்துக்கு நட்டம், ஏனென்றால் அதே கடனுக்குக் குறைந்த காசுதான் கைக்கு வருகிறது. மலிவாக வாங்கியவருக்கு இலாபம்.

இதில் தொழிலாளியின் காசு எங்கே வந்தது? இதை விசாரிக்க 2017 சனவரியில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் முடிவில் அறிக்கை கையளிக்கப்பட்டது. பி.எப். நிதி ஏலத்திலேயே நேரடியாக வாங்கியிருக்கக் கூடிய முறிகளைப் பிறகு வெளிச்சந்தையில் கூடிய விலைக்கு வாங்கியது அந்த விசாரணையில் வெளிவந்தது. பி.எப். நிதிக்கும் வேறு அரச நிறுவனங்களுக்கும் 800 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பு என்று அன்றைய ஜனாதிபதி 2018 சனவரியில் நாட்டுக்கு அறிவித்தார்.

இது எப்படியென்றால், நுவரெலியாத் தோட்டத்தில் நின்று நேரடியாகக் கரட் வாங்கக் கூடியவர், அதே கரட்டை டவுன் கடையில் கூடிய விலைக்கு வாங்குவது போல. 100 கோடி ரூபா முகப் பெறுமதி உள்ள முறியை 106 ரூபாவுக்கு வாங்காமல் 116 ரூபாவுக்கு வாங்கினால், 10 கோடி ரூபா கூடுதலாகப் போகிறது. முறி அதே முறிதான். கூப்பனும் அதேதான். கூடக் கொடுத்த காசு மட்டும் திரும்பி வராது. "பத்திரம் பத்திரமா இருக்கு, அப்புறம் என்ன நட்டம்?" என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். என்ன பத்திரம் வைத்திருக்கிறோம் என்பது மட்டும் போதாது. என்ன விலைக்கு வாங்கினோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

2022, 2023: நெருக்கடியும் முறி மாற்றமும்

2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் 91 நாள் உண்டியலின் விளைவு 5 வீதத்துக்கும் கீழே இருந்தது. பிறகு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, கேஸ் இல்லை, மாவு இல்லை என்று நாம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதத்தால் கூட்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்தியது. அந்த வருடத்திலேயே 91 நாள் உண்டியலின் விளைவு 30 வீதத்தைத் தாண்டியது.

அப்போது பலர் கேட்டார்கள்: "வெளிய 30 வட்டி குடுக்கிறாங்க, நம்ம பி.எப்.புக்கு மட்டும் ஏன் 9?" 2022ஆம் ஆண்டுக்கு பி.எப். உறுப்பினருக்குக் கிடைத்த வட்டி 9 வீதம்தான். காரணம் மேலே சொன்னதுதான். பி.எப். வைத்திருந்த முறிகளில் பெரும்பகுதி பழைய காலத்தில், பழைய விளைவில் வாங்கியவை. அவற்றின் கூப்பன் மாறாது. புதிதாகச் சேர்கிற காசை மட்டுமே கூடிய விளைவில் போட முடியும். அதன் பலன் பிந்தித்தான் தெரியும். 2023ஆம் ஆண்டுக்கு 13 வீதம் வழங்கப்பட்டது.

2023 யூன் முடிவில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. யூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது. அதன்படி ஓய்வு கால நிதிகள் தங்களிடம் இருந்த பழைய முறிகளைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரை முதிர்கிற புது முறிகளை வாங்க வேண்டும். புது முறியின் கூப்பன் 2025 வரை 12 வீதம், அதன் பிறகு 9 வீதம். மாற்றாத நிதி, முறி வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி கட்ட வேண்டும். பி.எப். நிதி மாற்றிக்கொண்டது. உறுப்பினர் கணக்கில் உள்ள மீதி குறையாது என்றும், ஆகக் குறைந்தது 9 வீத வட்டி கிடைக்கும் என்றும் அரசாங்கம் சொன்னது. வங்கிகள் வைத்திருந்த முறிகள் இந்த மாற்றத்தில் சேர்க்கப்படவில்லை. தொழிலாளியின் நிதி மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன.

"மீதி குறையலன்னா நட்டம் எங்க?" இதற்கும் நம் கணக்கே பதில் சொல்லும். 10 வருட முறி ஒன்றை எடுப்போம். சந்தை விளைவு 15 வீதம் என்று வைப்போம். 12 வீதக் கூப்பன் இருந்தால் அதன் விலை 84 ரூபா 94 சதம். 9 வீதக் கூப்பன் என்றால் 69 ரூபா 89 சதம். இரண்டிலும் முகப் பெறுமதி 100 ரூபாதான். 100 குறையவில்லை. ஆனால் வருடத்துக்கு 3 ரூபா குறைந்ததால், இன்றைய மதிப்பில் 15 ரூபா போய்விட்டது. (இது விளங்குவதற்காகப் போட்ட உதாரணக் கணக்கு, பி.எப். நிதியின் உண்மையான தொகை அல்ல.) சந்தை விளைவு பிறகு இறங்க இறங்க, 9 வீத முறியின் மதிப்பும் ஏறும். ஆகவே நாளைக்கு நமக்கு எவ்வளவு இழப்பு என்பது, வருகிற வருடங்களில் வட்டியும் விலைவாசியும் எப்படிப் போகின்றன என்பதைப் பொறுத்தது.

விலைவாசி என்ற பெரிய திருடன்

பத்திரத்தில் எழுதாத ஒரு கழிவும் உண்டு. 2022 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட 57 வீதம் கூடியிருந்தது. வருடத் தொடக்கத்தில் 100 ரூபாவாக இருந்த பி.எப். காசு 9 வீத வட்டியோடு 109 ரூபா ஆனது. ஆனால் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 157 ரூபா வேண்டியிருந்தது. கணக்கில் காசு கூடியது. அந்தக் காசுக்குக் கிடைக்கிற அரிசியும் மாவும் குறைந்தது. ஆகவே "எத்தனை வீதம் வட்டி?" என்று கேட்கும்போது, "சாமான் விலை எத்தனை வீதம் ஏறியது?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முறியின் விலையை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் நம்ம கையில் உள்ள சில காரியங்களைச் சரியாகச் செய்தால், 9 வீதமோ 13 வீதமோ, அது முழுத் தொகைக்கும் கிடைக்கும்.

1. சம்பளச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் சேர்த்து வையுங்கள். பி.எப். கழிவு எத்தனை ரூபா என்று பாருங்கள். அதோடு ஒன்றரை மடங்கு கம்பெனியின் பங்காகச் சேர வேண்டும்.

2. ஒரு மாதக் காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கம்பெனி கட்டிவிட வேண்டும். பிந்தினால் 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. கட்டாத காசுக்கு வட்டி சேராது. மேலே போட்ட கணக்கின்படி, 20 வருடத்துக்கு முன் விடுபட்ட மாதம்தான் ஆகப் பெரிய நட்டம்.

3. வருடாந்தக் கணக்கு மீதி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம் மூன்றும் சரியா என்று பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று இருந்தால் ஓய்வு பெறும் நேரத்தில் அலைய வேண்டி வரும். இப்போதே திருத்துங்கள்.

4. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் முழுக் காசையும் எடுக்கலாம். அதற்கு முன் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் ஒரு பகுதியை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. எடுக்கிற காசுக்கு அன்றிலிருந்து வட்டி இல்லை என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

5. ஓய்வுக் காசு கைக்கு வரும் நாளில், "மாசம் நூத்துக்கு 5, 10 தாறோம்" என்று டவுனில் இருந்து சிலர் வருவார்கள். அரசாங்கம் கொடுக்கிற விளைவைவிட ஒருவர் பல மடங்கு தருகிறேன் என்றால், அந்தக் கூடுதலுக்குள் ஆபத்தும் சேர்ந்து இருக்கிறது. மத்திய வங்கியின் அனுமதி உள்ள நிறுவனமா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

6. பி.எப். பற்றி ஏதாவது அறிவிப்பு வந்தால், தோட்டத் தலைவரிடமும் தொழில் திணைக்களக் காரியாலயத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள்: கூப்பன் எத்தனை? தவணை எத்தனை வருடம்? என்ன விலைக்கு? இந்த மூன்றும் தெரிந்தால், விளைவு எவ்வளவு என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளையே போட்டுச் சொல்லும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

அ) ஒரு வருட உண்டியல் ஒன்று 90 ரூபாவுக்கு விற்கப்படுகிறது. முதிர்ச்சியில் 100 ரூபா கிடைக்கும். விளைவு வீதம் என்ன?

ஆ) 2 வருட முறி. கூப்பன் 12 வீதம், வருடத்துக்கு ஒரு தடவை. சந்தை விளைவு 10 வீதம். விலை என்ன? 100க்கு மேலா, கீழா என்று முதலில் சொல்லிவிட்டுக் கணக்கைப் போடுங்கள்.

விடைகள்: அ) 10 ÷ 90 = 11.11 வீதம். ஆ) கூப்பன் சந்தை விளைவைவிடக் கூட இருப்பதால் விலை 100க்கு மேல். முதலாம் வருடத்து 12 ரூபாவுக்கு 10 ரூபா 91 சதம். இரண்டாம் வருடத்து 112 ரூபாவுக்கு 92 ரூபா 56 சதம். மொத்தம் 103 ரூபா 47 சதம்.